சாட்டைப்புழு பொரியும் இடம்

சொர்ணலதாவின் முட்டைகள் பொரிய மறுத்தன.

தேனியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், எலிகளின் குடலில் வாழும் சாட்டைப்புழுவை அவள் ஆராய்ந்து வந்தாள். எலி விழுங்கிய முட்டை வயிற்றைத் தாண்டி, சிறுகுடலைத் தாண்டி, பெருங்குடல் தொடங்குமிடத்தில்தான் பொரியும். எலியின் உடல் சூட்டிலேயே, சுத்தமான சத்துநீரில் தட்டில் வைத்தாலோ ஓட்டுக்குள் நெளிவதோடு சரி.

"கண்ணில்ல, காதில்ல. இடம் வந்துருச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியுது?" என்று கணவனிடம் கேட்டாள். பஜாரில் பம்புசெட் கடை வைத்திருக்கும் ஜோயலுக்குப் புழு என்றாலே குமட்டும்.

"சோத்துல கைய வச்சிருக்கேன் லதா," என்றான்.

பெருங்குடலில் மட்டும் அவ்வளவு அடர்ந்து கிடப்பது பாக்டீரியாதான் என்று அன்றிரவு அவளுக்குத் தோன்றியது. மறுநாள், எலிக்குடலிலிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியாவை ஒரு தட்டில் சேர்த்தாள்.

மாலையில் நுண்ணோக்கியில் குனிந்தவள் அப்படியே இருந்துவிட்டாள். எலுமிச்சை வடிவ முட்டையின் இரு முனைகளிலும் தக்கை போன்ற அடைப்பு. பாக்டீரியாக்கள் அங்கே போய் மொய்த்திருந்தன. அடைப்பு கரைந்தது. ஒரு தலை வெளியே துழாவியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு தட்டு முழுக்க.

அழைத்துப்போக வந்த ஜோயலை, "இங்கன வந்து பாருங்க," என்று உட்காரவைத்தாள். குமட்டலை மறந்து வெகுநேரம் பார்த்தான்.

"இத்தினிக்கூண்டு கிருமியா கதவத் தொறந்து விடுது?"

அவள் தலையசைத்தாள்.

அடுத்த வாரம், ஏற்கெனவே புழு இருக்கும் எலியின் பாக்டீரியாவைச் சேர்த்தாள். சில முட்டைகளே பொரிந்தன. தவறு செய்துவிட்டோமோ என்று திரும்பத் திரும்பச் செய்தாள். ஒவ்வொரு முறையும் அதேதான்.

"ஒங்க லேப் மேடம் என்ன சொன்னாக?" வீரபாண்டியில் ஆற்றோரம் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான் ஜோயல்.

"அவுகளும் ஒருதடவ எண்ணிப் பாத்தாக. முதல்ல குடியேறுன புழு, அங்கன இருக்குற பாக்டீரியாக் கூட்டத்தையே மாத்திருதுங்க. பெறகு வர்ற முட்டை அவ்வளவா பொரியாது."

"அப்ப கூட்டம் நெரியாது."

"ஆமா. உள்ள இருக்குறதுக்கும் இடம், எலிக்கும் உயிரு."

முல்லையாறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. ஜோயல் சட்டைக்கு மேலே வயிற்றில் கைவைத்துப் பார்த்தான்.

"நமக்குள்ளயும் இப்படி ஏதாவது நடக்குமா?"

"கோடி கோடியா இருக்கு. இப்பவும் என்னென்னமோ நடந்துக்கிட்டுத்தான் இருக்கும்," என்றாள்.

அவன் கையை எடுக்கவில்லை.