ரிஹானா பாடிக் காட்டிய சத்தம்

நாளைக் காலை பத்து மணிக்குள் ரிஹானாவுக்குக் கார் சரியாகியே ஆகவேண்டும். சார்ஜாவிலிருந்து வாஹித் திருச்சியில் வந்து இறங்குகிறான். இரண்டு வருஷமாகப் போனில் மட்டும் பார்த்த புருஷனைத் தானே ஓட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். அவள் லைசென்ஸ் வாங்கியதே அதற்குத்தான். இந்த நேரம் பார்த்தா வண்டி ஊளையிட வேண்டும்!

அந்தச் சத்தத்தை வாஹித் ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் என்ன? அங்கிருந்தே வைத்தியம் சொன்னான். திங்கட்கிழமை கிளட்ச் என்றான், புதன்கிழமை கியர்பாக்ஸ் என்றான். செக்காலையில் பட்டறை வைத்திருக்கும் சூசைமரியானிடம் அவள் அந்த வாய்ஸ் மெசேஜ்களைப் போட்டுக் காட்டினாள். மனசில்லாமல் அவரும் கிளட்சைக் கழற்றி மாட்டினார். ஊளை கொஞ்சமும் குறையவில்லை. "பேசாம டாக்சியப் புடிச்சு வந்துர்றேன்" என்று வாஹித் சொன்னபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்று அவள் மூன்றாவது மெசேஜை அமுக்கப் போக, சூசைமரியான் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தங்கச்சி, சார்ஜாவ அணைச்சு வைங்க. வண்டி ஓட்டுறது நீங்கதானே? கோளாற நான் கண்டுபுடிச்சுக்கிறேன். நீங்க கேட்டத மட்டும் சொல்லுங்க."

"எப்புடிண்ணே சொல்ல?"

"அது கத்துற மாதிரியே கத்துங்க."

பஞ்சருக்கு நின்ற ஆட்டோக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். மானம் போனால் போகட்டும் என்று ரிஹானா தொடங்கினாள்: "ம்ம்ம்ங்ங்ங்..."

"எத்தன ஸ்பீடுல?"

"நாப்பதுக்கு மேலண்ணே. இன்னும் மிதிச்சா, ம்ம்ம்ஈஈஈங்!"

"கியர் மாத்துனா?"

"அசராது. அதுபாட்டுக்குப் பாடும்."

"இங்குட்டு, எடப்பக்கம் ஒடிச்சா?"

"கம்முன்னு ஆயிரும்."

"அங்குட்டு, வலப்பக்கம்?"

ரிஹானா இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பே சாய ஒடித்து, அடிவயிற்றிலிருந்து ஒரு ஊளை விட்டாள் பாருங்கள், எதிர்ச்சந்து நாய் எழுந்து பதில் ஊளையிட்டது. ஆட்டோக்காரர் கைதட்டினார்.

சூசைமரியானுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. "வலப்பக்கம் ஒடிச்சா பாரம் பூரா எடப்பக்கந்தான் ஏறும். அப்ப எடப்பக்க முன்சக்கரத்துப் பேரிங்! மொதல்லயே பாடியிருந்தா கிளட்சு தப்பிச்சிருக்குமே!"

சாயங்காலத்துக்குள் புதுப் பேரிங் ஏறியது. அமராவதிபுதூர் வரை ஓட்டிப் பார்த்தாள். வேகமாக மிதித்தாள், வலப்பக்கம் ஒடித்தாள். மூச்சுக்கூட இல்லை. சந்தோஷம் தாங்காமல் ஓரமாக நிறுத்தித் தனியாகச் சிரித்தாள்.

போன் அடித்தது. "டாக்சிக்குச் சொல்லிரவா?" என்றான் வாஹித். "கியர்பாக்ஸ்ல என்னன்னா..."

"மச்சான், நான்தான் வாரேன். பெட்டிய பின்னாடி போட்டுட்டு, வண்டியப் பத்தி ஒரு வார்த்த பேசாம எம் பக்கத்துல வந்து ஒக்காருங்க. ரெண்டு வருசமாச்சு, அது போதும் எனக்கு."



"சரி புள்ள," என்றான் வாஹித். "திரும்பி வர்றப்ப மெதுவாவே ஓட்டு. சீக்கிரம் வீடு வந்துரப் போகுது."