உருண்டை புரட்டிய மாவு

சுலோச்சனாவுக்குப் பொருவிளங்கா உருண்டை என்றால் உயிர். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஓர் உருண்டையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவாள். முதல் பாடம் முடியும்வரை அது கரையாது. வாத்தியார் கேள்வி கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள், கையை நீட்டி அடியை வாங்கிக்கொள்வாள். பெண்ணுக்குப் பாடம் ஏறவில்லையே என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். பாடமெல்லாம் ஏறத்தான் செய்தது. வாய்தான் காலியாக இல்லை.

விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, மகளையும் கட்டிக்கொடுத்த பிறகும் அந்த ஆசை விட்டபாடில்லை. அரிசி, பாசிப்பருப்பு, கோதுமை எல்லாம் வறுத்து அரைத்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, வெல்லப்பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிப் பிடிப்பாள். உள்ளங்கை வெந்துபோகும். ஆறினால் கருங்கல்தான். முதல் உருண்டை சூட்டோடு அவள் வாய்க்குப் போகும். மற்றவை ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அரிசி மாவில் புரட்டி டப்பாவில் அடுக்குவாள். மகள் சுபாஷினிக்கும் தன்னைப் போலவே அது உயிர் என்று அவளுக்கு நினைப்பு. தனக்குப் பிடித்தது தான் பெற்றதற்கும் பிடிக்கும் என்று நினைக்காத தாய் உண்டா என்ன?

2003ஆம் வருஷம் மாசி மாதம். சுபாஷினி முழுகாமல் இருந்தாள். தாய்வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அன்று காலைப் பஸ்ஸில் பெண்ணாடத்துக்குக் கிளம்பினாள். புது உருண்டை ஒரு டப்பா நிறைய அவள் பையில் ஏறியது.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் சூளை வேலை முடிந்து வந்தார் இராஜமாணிக்கம், சுலோச்சனாவின் புருஷன். அடுப்படி அலமாரியைத் துழாவிக்கொண்டே கேட்டார்.

"ந்தா, எலிக்கு வெக்கிற பொடிய எங்க எடுத்து வச்ச?"

"நான் தொடவே இல்லீங்க. பரண் மேலதான இருக்கும்?"

"நேத்து எறக்கி இங்கதான் வச்சேன். அரிசி மாவு பாட்டிலுக்குப் பக்கத்துல."

பட்டறையில் மண்ணோடு கலப்பதற்கு ஒரு வெள்ளைப் பொடி வரும். அதன் பெயர் யார் வாயிலும் நுழையாது. தின்றால் எலி சாகும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் எலி மருந்தைக் கடையில் வாங்குவதில்லை. ஒரு பிடி மடியில் கட்டிக்கொண்டு வந்து, கருவாட்டுத் தூளோடு பிசைந்து மூலையில் வைப்பார்கள். புத்திசாலிகள்! வீட்டுக்கு வீடு இதே கதைதான், யாரும் யாரையும் தடுத்ததில்லை.

அலமாரியில் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் நின்றன. இரண்டிலும் வெள்ளை மாவு. முந்தின நாள் அரைத்துக் கழுத்துவரை நிரப்பிய அரிசி மாவு நிரப்பியபடியே இருந்தது. மற்றதில் பாதியைக் காணோம்.

சுலோச்சனா காலையில் அவசரத்தில் கைக்குக் கிடைத்த பாட்டிலைத்தான் தட்டில் கவிழ்த்தாள். வேறு யாராவது என்றால் தொட்டதும் தெரிந்திருக்கும். வருஷக்கணக்காக வெள்ளைப் பொடியிலேயே புழங்கிய கை அவளுடையது. அந்தக் கைக்கு எல்லாமே ஒன்றுதான். அவள் தின்ற உருண்டை மாவில் புரட்டாதது. அதனால்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயோ, எம் பொண்ணு!" என்றாள்.

பெண்ணாடத்தில் சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் போன் உண்டு. பூத்துக்கு ஓடி அடித்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. இராஜமாணிக்கம் மறுபடி மறுபடி அடித்தபடி பூத்திலேயே நின்றார். சுலோச்சனா முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அந்த பஸ் போன போக்கைச் சொல்லி மாளாது. கை காட்டினவர்களுக்கெல்லாம் நின்றது. முருங்கைக்காய்க் கட்டுக்கு நின்றது. மகள் ஆசைப்பட்டு இந்நேரம் ஒன்றை வாயில் போட்டிருப்பாளா? மசக்கைக்காரி, ஒன்றோடு நிறுத்துவாளா? வயிற்றுப் பிள்ளை தாங்குமா? பாதி வழியில் ரோட்டோரம் கும்பல் கூடியிருந்தது. "நிறுத்துங்க! எம் பொண்ணுதான்!" என்று அலறிக்கொண்டு எழுந்துவிட்டாள். கரும்பு டிராக்டர் ஒன்று பள்ளத்தில் இறங்கிக் கிடந்தது, அவ்வளவுதான். பஸ்ஸில் இருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையில், மூளை கலங்கியவள் என்று முடிவு கட்டியது தெரிந்தது. கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கொள்ள வாயெடுத்தாள். என்ன வேண்டுவது? தானே விஷம் வைத்துவிட்டுக் காப்பாற்று என்று எந்த முகத்தோடு கேட்பது?

பெண்ணாடத்தில் சுபாஷினி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னாம்மா, பின்னாலயே ஓடியாந்துட்ட?"

"உருண்டையத் தின்னியாடி? சொல்லுடி!"

சுபாஷினி மாமியார் காதில் விழுமோ என்று உள்ளே பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "இல்லம்மா. கோவிச்சிக்காத. எனக்கு அது சின்ன வயசுலேர்ந்தே புடிக்காது. பல்லு வலிக்கும். ஒனக்கு மனசு கஷ்டமாயிடும்னுதான் எப்பவும் வாங்கிக்கிறது."

சுலோச்சனா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், அழுதாள், மகளின் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிடிக்காமல் போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்டவள் ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது.

"டப்பாவ எடுத்தா, குழிதோண்டிப் பொதைக்கணும்" என்றாள்.

"டப்பா ஏது? பஸ்ஸுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க பசின்னு அழுதுச்சுங்க. அப்படியே குடுத்துட்டேன்."

விஷயத்தைக் கேட்டதும் சுபாஷினியின் கையிலிருந்த முறம் நழுவியது. ஆலைக்குக் கரும்பு வெட்ட வந்த குடும்பம், ரயிலடிக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டிருப்பதாகப் பிள்ளைகளின் தாய் பஸ்ஸில் சொன்னாளாம். இரண்டு பேரும் ஓடினார்கள்.

கொட்டகையில் பெரியவள் வாந்தி எடுத்து, கால் நிற்காமல் பாயில் துவண்டு கிடந்தாள். "பஸ்ஸு ஒத்துக்கல" என்று அவள் தாய் அன்புக்கரசி தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் துர்கா உருண்டையை இரண்டு கையாலும் பிடித்து நக்கிக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் வெள்ளை. சுலோச்சனா அதைத் தட்டிவிட்டாள், குழந்தை வீறிட்டது.

கரும்பு இறக்கிவிட்டு வந்த டிராக்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். என்ன தின்றார்கள் என்று டாக்டர் கேட்டதும் சுலோச்சனா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைகளின் வயிற்றைக் கழுவி, பேதியுப்பு கரைத்துப் புகட்டி, ஊசியும் போட்டார்கள். வெளியே தாழ்வாரத்தில் நின்ற சுலோச்சனாவுக்கு உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டாலும் உயிர் போய் வந்தது. கொஞ்சம் முன்னால் மகள் பிழைத்தாள் என்று சிரித்தோமே என்று நினைத்தபோது தன்னைக் கண்டே அருவருப்பாக இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு டாக்டர் வந்தார். "கடிக்க முடியாத பண்டமாப் போச்சு. ஒண்ணையே நக்கிக்கிட்டு இருந்ததால தப்பிச்சாங்க, நாலஞ்சு உள்ள போயிருந்தா கஷ்டம்" என்றார்.

அன்புக்கரசி எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று சுலோச்சனா நினைத்தாள், அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். அவள் அடிக்கவில்லை.

"எம் புள்ளைங்கள எலின்னு நெனச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சுலோச்சனா தலையைக் குனிந்துகொண்டு கட்டிலருகே போனாள். பெரியவள் தூங்கிக்கொண்டிருந்தாள். துர்கா விழித்திருந்தாள், கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. உருண்டையைத் தட்டிவிட்டவள் இவள்தான் என்று தெரிந்துகொண்டு, உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு குழந்தை கேட்டது:

"ஆயா, அந்த உருண்டை இன்னும் இருக்குதா?"

அந்தக் கண்ணில் இருந்த ஆசையைச் சுலோச்சனாவுக்கு நன்றாகத் தெரியும். "இல்லம்மா" என்று சொல்லி, இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.