கரையாத சுண்ணாம்பு

பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் சிவதர்சினி கொழும்பு பஸ்ஸால் இறங்கி வாய்க்கால் ரோட்டில் நடந்து வந்தபோது, அவளை ஏற்றிப்போகச் சைக்கிளில் புறப்பட்ட அண்ணன் முத்துலிங்கம் பாதி வழியில் மதகுக் கட்டின்மேல் குந்தியிருந்தார். சைக்கிள் புல்லில் சரிந்து கிடந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இளைச்சுப்போச்சு. வேற ஒண்டுமில்லை," என்றார்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. இதயத்திலிருந்து உடம்புக்குக் குருதி போகும் வாசலில் இருக்கிற வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டதென்று போன வருடம் கண்டுபிடித்தார்கள். வால்வை மாற்றக் கொழும்பு ஆஸ்பத்திரியில் கார்த்திகையில் திகதி கொடுத்திருந்தார்கள். அது பின்னுக்குப் போய்விட்டது என்று அவர் போனில் சொன்னார். ஆஸ்பத்திரியில் திகதி தள்ளிப்போவது புதிதில்லை என்பதால் தர்சினி நம்பிவிட்டாள்.

அன்று குசினியில், அவருடைய மனைவி சிவனேஸ்வரி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"திகதி ஒண்டும் பிந்தேல்லை தர்சினி. இவர்தான் வரேல்லை எண்டு சொன்னவர். உமக்குச் சொல்லக்கூடாது எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர்."

"ஏன் மச்சாள்?"

"நீர் மருந்து கண்டுபிடிக்கிறீராம். அது வந்தா வெட்டத் தேவையில்லையாம். காணுற ஆக்களிட்டையெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறார்."

தர்சினி கையிலிருந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்தாள்.

கொழும்பில் அவள் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு, ஒப்பரேசனில் வெட்டி எடுத்த வால்வுகள் வரும். பெட்டியில் இருந்து எடுக்கும்போது சில கல்லுப்போலவே இருக்கும். நைந்த வால்வு இதழுக்குள் கசிகிற குருதி உறைந்து, பைபிரின் என்ற புரதம் இழை இழையாக வலை பின்னும். அதைக் கரைத்து அப்புறப்படுத்த உடம்பில் வேறு புரதங்கள் இருக்கின்றன. அவை சரியாக வேலை செய்யாத இடத்தில்தான் சுண்ணாம்பு வந்து குந்துகிறதோ என்பது அவளுடைய குழுவின் ஐயம். இரண்டு வருடங்களுக்கு முன், அண்ணனுக்கு வருத்தம் இருப்பது தெரியாத காலத்தில், சாப்பாட்டு மேசையில் இதை உற்சாகமாக விளக்கினாள். அவர் அதில் ஒரு சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். கரைக்கலாம்.

பொங்கல் முடிந்த மத்தியானம், அவர் முற்றத்துக் கதிரையில் இருந்தபோது போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

"அண்ணா, நீங்கள் நினைக்கிற மருந்து இல்லை."

"இனி வரும்தானே?"

"வரலாம். எத்தினை வருசம் எண்டு ஆருக்கும் தெரியாது. வந்தாலும் தொடக்கத்திலயே சுண்ணாம்பு படியாம மறிக்கத்தான் உதவும். உங்கட வால்வு இறுகிப்போச்சு. அதைக் கரைக்க ஒண்டுமில்லை. மாத்தத்தான் வேணும்."

அவர் வலது தொடையைத் தடவினார். இரண்டாயிரத்து ஒன்பதில், போரின் கடைசி மாதங்களில், ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள், மயக்க மருந்து இல்லாமல் அந்தத் தொடையிலிருந்து வெடித்த செல்லின் இரும்புத் துண்டை எடுத்தார்கள். காலைப் பிடித்தவர்கள் யாரென்று தெரியாது. தலையைப் பிடித்தது பதினேழு வயதுத் தர்சினி.

"இப்ப மயக்கித்தான் வெட்டுவினம் அண்ணா. ஒண்டும் தெரியாது."

"அது எனக்குத் தெரியும் பிள்ளை. உடம்புதான் கேக்குதில்லை. கொழும்பு எண்டு நினைச்சாலே கால் இழுக்குது."

"மருந்து எப்ப வரும் எண்டு என்னட்ட ஒருநாளும் கேக்கேல்லையே?"

"கேட்டா நீ இல்லை எண்டு சொல்லுவாய். அதாலதான் கேக்கேல்லை."

முத்துலிங்கம் தொடையிலிருந்து கையை எடுத்தார். பிறகு அவர், "சரி, போவம்," என்றார்.

அடுத்த கிழமை கொழும்புக்குக் கூட்டிப்போனாள். எக்கோ கருவியில் இதயத்தைப் பார்த்த டொக்டர், இறுகிய வாசலுக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயத்தசை களைத்துவிட்டது, கார்த்திகையில் செய்திருந்தால் இவ்வளவு பயமில்லை என்றார். ஆனாலும் செய்வோம் என்று பங்குனியில் திகதி தந்தார். முத்துலிங்கம் மறுக்கவில்லை. வெளியே வந்து, "உடுக்கச் சாரம் கொண்டுபோக விடுவினமோ?" என்று மட்டும் கேட்டார்.

மாசிக் கடைசியில் அரிவு வெட்டும் மெசின் அவர்களுடைய வயலில் இறங்கிய காலை, வரம்பில் நின்று டிரைவருக்குக் கை காட்டியவர் அப்படியே மடங்கி விழுந்தார். வயலுக்குள் வாகனம் வந்து சேரும்போது உயிர் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து உறவினர்கள் போனபின், சிவனேஸ்வரி தர்சினியை அறைக்குள் கூப்பிட்டாள். அந்த மருந்துக் கதைக்காகத் திட்டப்போகிறாள் என்றுதான் தர்சினி நினைத்தாள். திட்டினால் ஆறுதலாக இருக்கும் போலவும் இருந்தது.

"இது எங்கட பிள்ளைக்கும் வருமோ?" என்று கேட்டாள் சிவனேஸ்வரி.

அந்த வால்வுக்கு மூன்று இதழ்கள் இருக்கவேண்டும். முத்துலிங்கத்துக்குப் பிறப்பிலேயே இரண்டுதான். அப்படிப்பட்ட வால்வில்தான் இளவயதிலேயே சுண்ணாம்பு படியும், சில குடும்பங்களில் அது தொடரும். தர்சினிக்கு இது தெரியும். ஒப்பரேசன் முடிந்து அண்ணன் திரும்பி வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

"பாக்கவேணும் மச்சாள்," என்றாள்.

மகள் கிருசாந்திக்குப் பதினாறு வயது. சித்திரையில் தர்சினி அவளை வவுனியாவுக்குக் கூட்டிப்போய் எக்கோ பார்ப்பித்தாள். திரையில் வால்வு திறந்து திறந்து மூடியது. டொக்டர் சொல்லமுதலே தர்சினி எண்ணிவிட்டாள். இரண்டு.

"இப்ப இறுகாமல் நல்லா வேலை செய்யுது. ஒழுங்கா வந்து காட்டவேணும்," என்றார் டொக்டர்.

திரும்பும் பஸ்ஸில் கிருசாந்தி கேட்டாள்.

"மாமி, எனக்கு இறுகமுதல் அந்த மருந்து வந்திடுமோ?"

"தெரியாது பிள்ளை. வராட்டி ஒப்பரேசன் இருக்கு. திகதி தந்தா நீ போகவேணும்."

கிருசாந்தி முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் கனகராயன்குளத்தைத் தாண்டியது. பிறகு, கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அம்மாக்கு நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறீங்களோ?"