கிளிப்பச்சைச் சட்டைக்காரர்

படம் தொடங்கி ஒரு மணி ஏழு நிமிஷத்தில் கதாநாயகி மழையில் ஓடுவாள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகு கோடவுன்களுக்கு நடுவே, படகுத்துறையைப் பார்த்து ஓட்டமான ஓட்டம். அவளுக்கு என்ன அவசரம், படகில் போகிறவன் யார், பிடித்தாளா இல்லையா என்பதெல்லாம் மற்றவர்கள் கவலை. வீரலட்சுமிக்கு அவள் கொஞ்சம் ஓரமாக ஓடித் தொலைந்தால் போதும். ஏனென்றால் அவளுக்குப் பின்னால் கிளிப்பச்சைச் சட்டை போட்ட ஒருவர் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். ஆறு நொடிதான். அதற்குள் ஒரு லாரி வந்து மறைத்துவிடும்.

"வந்துட்டாரு பாருங்க" என்பாள் வீரலட்சுமி. ஒவ்வொரு தடவையும் சொல்வாள். அவர் வராமல் போய்விடுவாரோ என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்திருக்க வேண்டும்.

அவள் புருஷன் பிச்சை நெஞ்சு வலிக்கிறது என்று கோடவுனில் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. அதாயிற்று நாலு வருஷம். அவனுக்கு இருந்தது ஒரு கல்யாண போட்டோவும் ஒரு ரேஷன் கார்டு போட்டோவும். இரண்டிலும் போலீஸ்காரர் முன்னால் நிற்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பான். நடமாடுகிற பிச்சை அந்தப் படத்தில் மட்டும்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அந்த வீட்டில் படம் ஓடும். படத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, யார் அதைச் சொன்னார்கள். 'நம்ம படம்' என்றால் தீர்ந்தது.

பார்க்க ராமனும் வருவார். பிச்சையோடு இருபது வருஷம் வண்டி தள்ளியவர், அவனைவிட இரண்டு வயது மூத்தவர். சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கால் தேய்ந்த பிறகு ஒரு சுக்கு கோடவுனில் காவல் வேலை. வாரத்தில் ஆறு நாளும் அவரோடு பேச ஆளில்லை. ஏழாம் நாள் வீரலட்சுமி ஒரு சாயாவும் இரண்டு பழம்பொரியும் வைத்து, "உக்காருங்கண்ணே" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மனுஷர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார்.

ஆனால் ராமன் மனசில் ஒரு முள் இருந்தது. அந்தக் கிளிப்பச்சைச் சட்டைக்குள் இருப்பது பிச்சை இல்லை. ராமன்தான்.

சட்டை பிச்சையுடையது, அதில் சந்தேகமில்லை. வீரலட்சுமி தன் கையால் தைத்தது. கேரளம் முழுக்கத் தேடினாலும் அப்படியொரு பச்சை கிடைக்காது. அதை வைத்துத்தான் அவள் புருஷனை அடையாளம் பிடித்திருந்தாள். படம் தியேட்டருக்கு வந்த மாசம் அவள் அஞ்சனாவைப் பெற்றுப் படுத்திருந்தாள், போகவில்லை. பிறகு வாங்கிய சிடியோ பிரதிக்குப் பிரதி எடுத்தது. முகமெல்லாம் குழைந்த சோறாகத்தான் தெரியும்.

சொல்லியிருக்கலாம். முதல் ஞாயிறே சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவள் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "எப்படி நடக்கிறாரு பாருங்க" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு எந்தப் பாவி வாயைத் திறப்பான். அப்படியே ஒரு வாரம் பத்து வாரமாயிற்று, பத்து நூறாயிற்று. வெளியே மழை, ஜன்னல் சாத்தியிருக்கும், அரை இருட்டில் டிவி மட்டும் வெளிச்சமாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் பஜார் ரோடு நனைந்துகொண்டே இருக்கும். படத்தில் பெய்வது எந்த மழை, ஓட்டில் பெய்வது எந்த மழை என்று ராமனுக்குப் பிரிந்து கேட்காது. கண் லேசாகச் சொருகும். வண்டிச் சட்டத்தின் ஈரம் உள்ளங்கையில் தெரியும். "வந்துட்டாரு பாருங்க" என்ற குரல் எங்கிருந்தோ கேட்கும்போது, தள்ளிக்கொண்டு வருவது தானா பிச்சையா என்று அவருக்கே குழம்பிவிடும். சில வாரம் அது பிச்சையாகவே இருந்தது. அந்த வாரமெல்லாம் ராமன் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவள் அஞ்சனா. எர்ணாகுளத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிற பெண், போன வாரம் பெரிய டிவி ஒன்று கொண்டுவந்து சுவரில் மாட்டினாள். ராமனுக்கு போன் வந்தது.

"ராமன் மாமா, ஞாயித்துக்கிழமை நேரத்தோட வரணும் கேட்டோ. நம்ம படத்தை அப்படியே கழுவித் தொடச்சு புதுசா விட்டிருக்காங்க. ஒரு பொடி அழுக்கு இல்ல. அப்பா முகம் நல்லாத் தெரியும். அம்மாகிட்ட சொல்லல, சர்ப்ரைஸ்."

ராமன் போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தார். போகாவிட்டாலும் அவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள். நாலு வருஷமாக ஒரு பொம்பளையை ஏமாற்றி சாயா குடித்தவன் என்று அவள் நினைப்பாள். கதவைச் சாத்திவிடுவாள். அப்புறம் அவருக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது. உண்மையைச் சொன்னால் இதுதான் அவரை உலுக்கியது, பொய் சொன்ன பாவம்கூட இரண்டாம் பட்சம்தான்.

போனார். பழம்பொரியைத் தட்டிலேயே பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

படம் தெளிவென்றால் அப்படியொரு தெளிவு. மூட்டையில் அச்சடித்த எழுத்தைப் படிக்கலாம், கதாநாயகியின் பின்னலில் ஈரம் சொட்டுவதைப் பார்க்கலாம். "ஆத்தி, என்ன இது, கண்ணாடி போட்டாப்ல இருக்கு" என்று வீரலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு மணி ஏழு நிமிஷம் வந்தது. கோடவுன் மூலையிலிருந்து கிளிப்பச்சைச் சட்டை திரும்பியது.

முகம் நன்றாகத் தெரிந்தது. நாற்பது வயது ராமன், அடர்ந்த மீசையோடு, ஒரு பக்கம் சாய்ந்த மூக்கோடு, மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். சோபாவில் இருந்த ராமன் ஒரு நொடி பயத்தை மறந்தார். இவ்வளவு நன்றாகவா இருந்தோம் என்று அவருக்குத் தோன்றியது.

இந்தத் தடவை "வந்துட்டாரு" என்று யாரும் சொல்லவில்லை.

"இது ராமன் மாமா அல்லே" என்றாள் அஞ்சனா.

"நிறுத்து" என்றாள் வீரலட்சுமி.

படம் நின்றது. அவள் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ராமனைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"சட்டை அவரோடதுதான். அப்ப அவரு எங்கண்ணே இருந்தாரு?"

திட்டுவாள் என்று காத்திருந்த ராமனுக்கு அந்தக் கேள்வி தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மொதல்ல பிச்சையத்தான் எடுத்தாங்க தங்கச்சி. அந்தச் சட்டைக் கலர் அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. பைப்புல தண்ணி அடிச்சு மழை விட்டாங்க. இவன் வண்டியத் தள்ளிட்டு அழகாத்தான் வந்தாப்ல. கேமராகிட்ட வந்ததும் ஒரு கைய எடுத்து நெத்தியில வச்சுக் கும்பிட்டுட்டான்."

"கேமராவையா?"

"அதுக்குப் பின்னால அத்தனை பேரு நிக்கிறாங்களே. பஜார்ல முதலாளி எதுக்க நின்னா கும்பிடாம வண்டி தள்ளுவமா நாங்க. கை தன்னால போயிருது. கும்பிடாதய்யான்னு ஒருத்தரு மைக்குல கத்துறாரு. ரெண்டாந்தடவ கைய எடுக்கல, தலையக் குனிஞ்சுட்டான். மூணாந்தடவ மொகத்த அந்தப் பக்கம் வச்சுக்கிட்டே வந்து, கடைசில மனசு கேக்காம திரும்பிக் கும்பிட்டுட்டான். நாலாந்தடவ பல்லக் கடிச்சுட்டு நேராப் போயிட்டான். எல்லாரும் கை தட்டப் போற நேரம் பாத்து வண்டிய நிப்பாட்டிட்டு ஓடி வந்து, மன்னிக்கணும் முதலாளி, கும்பிடாமப் போயிட்டேன்ங்கிறான்."

அஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள் வீரலட்சுமி.

"சட்டையக் கழட்டி எனக்குப் போட்டு விட்டாங்க. இவன் வெறும் மேலோட சாயங்காலம் வரைக்கும் சுக்கு மூட்டை மேல உக்காந்திருந்தாப்ல. கொஞ்சம் அழுதான். அண்ணே, வீட்ல நான்தான்னு சொல்லிட்டு வந்திருக்கேன், காட்டிக் குடுத்துராதன்னு என் தலையில கை வச்சு சத்தியம் வாங்கிட்டான். அவனுக்காகத்தான் சொல்லாம இருந்தேன். பொறவு எனக்காகவும்தான் சொல்லாம இருந்தேன் தங்கச்சி. இங்க வர்றது நின்னு போயிருமேன்னு."

வீரலட்சுமியின் தோள் குலுங்கியது. போச்சு, அழ வைத்துவிட்டோம் என்று ராமன் பதறி எழுந்தார். பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, அவள் பாட்டுக்குச் சிரித்தாள். புருஷன் போன பிறகு அவளிடமிருந்து அந்தச் சிரிப்பு வந்து ராமன் கேட்டதில்லை.

"அன்னிக்கு வந்து, நாலு தடவ நடக்க விட்டாங்க வீருன்னாரு. பெருமை தாங்கல மனுசனுக்கு" என்றாள். "பொய் சொல்லல பாருங்க. நாலு தடவ நடந்துதான் இருக்காரு."

அவள் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அந்த மூணாந்தடவ எப்படி வந்தாரு? நடந்து காட்டுங்க."

"இந்த வயசுலயா?"

"காட்டுங்கண்ணே."

ராமன் வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அகப்பட்டது. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, அலமாரி ஓரத்திலிருந்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே தள்ளினார். பாதி அறை வந்ததும் தோள் தளர்ந்தது, கழுத்து மெல்லத் திரும்பியது. தப்புச் செய்யப்போகிறோம் என்று தெரிந்தே சிரிக்கிற ஒரு சிரிப்பு முகத்தில் வந்தது. வலது கை தன்னால் எழுந்து நெற்றிக்குப் போனது. ராமன் நடிக்கவில்லை. இருபது வருஷம் பக்கத்தில் நடந்தவன், வேறு எப்படி வருவான்.

டிவியில் படம் நின்றபடியே இருந்தது. வீரலட்சுமி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ, அண்ணே" என்றாள்.

ராமன் நாற்காலியைத் திருப்பி அலமாரி ஓரத்துக்குக் கொண்டுபோனார்.