புண்பட்டிருந்தால்

ஆஸ்பத்திரி லிப்ட் ஐந்தாம் மாடியிலிருந்து அறுந்து விழுந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். லிப்ட் நல்ல நிலையில் இருப்பதாக அதற்கு முந்தின மாதம்தான் ஆய்வாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஊரே அவரைக் கரித்துக்கொட்டியது. கோர்ட்டில் ஒரு வக்கீலும் அவருடைய கேஸ் கட்டைத் தொடவில்லை. கடைசியில் வக்கீலம்மாதான் வக்காலத்துப் போட்டாள்.

“உனக்கு வேற ஆளே கெடைக்கலையாடி?” என்று அக்கா போனில் கத்தினாள்.

“அவருக்கு வேற வக்கீல் கெடைக்கலையேக்கா.”

அக்கா பட்டென்று வைத்துவிட்டாள். அப்புறம் கூப்பிடவே இல்லை.

ஜனங்களின் கொதிப்பை அடக்க வேண்டுமே. இறந்தவர்களின் குடும்பங்களைக் கூட்டிவைத்து, பத்திரிகைக்காரர்கள் முன்னால் ஆய்வாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மேலதிகாரி உத்தரவு போட்டார். அதற்கு முதல் நாள், தன் கைப்பட எழுதிய தாளோடு ஆய்வாளர் வக்கீலம்மாவிடம் வந்தார்.

‘நான் மேலே ஏறி லிப்ட் கம்பியைப் பார்க்கவில்லை. கீழே ஆபீஸில் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டேன். என்னால்தான் மூன்று உயிர் போனது.’

“இதை வாசிச்சா நேரா ஜெயில்தான் சார்” என்று தாளைக் கிழித்துப் போட்டாள். ஐந்து நிமிடத்தில் வேறொன்று டைப் செய்து நீட்டினாள்.

‘நடந்த சம்பவம் வேதனை தருகிறது. யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.’

ஆய்வாளர் இரண்டு தரம் படித்தார். “புண்பட்டிருந்தாலா? புண்படாம இருப்பாங்களா மேடம்?”

“எழுதினபடி வாசிங்க. ஒரு வார்த்தை கூட மாத்தக் கூடாது.”

மறுநாள் எழுதினபடியே வாசித்தார். முன்வரிசையில் ஒரு தையல்காரர் எழுந்தார். ஒரே மகளைப் பறிகொடுத்தவர். அவர் சத்தம் போடவில்லை. “நீங்க மேல ஏறிப் பாத்தீங்களா சார்?” என்று மட்டும் கேட்டார்.

ஆய்வாளர் வக்கீலம்மாவைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாமென்று. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். தையல்காரர் வெளியே நடந்தார்.

கேஸ் ஒன்றரை வருஷம் இழுத்தது. ஆய்வாளர் மேலே ஏறவில்லை என்பதற்குச் சாட்சி இல்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார்கள். வாசலில் யாரோ வக்கீலம்மாவின் முதுகுக்குப் பின்னால் காறித் துப்பினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் ஆய்வாளர் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

“நேத்து தையல்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன் மேடம். எல்லாத்தையும் சொல்லிட்டேன். ‘அன்னிக்குக் கேட்டப்ப வாயைத் தொறக்கல, இப்ப தப்பிச்சப்புறம் எதுக்கு வந்தே?’ன்னு கதவைச் சாத்திட்டார்.”

விடுதலையை எதிர்த்து அரசுத் தரப்பு அப்பீல் போவதற்கான கெடு இன்னும் முடியவில்லை.

“நீங்க சொன்னப்ப பக்கத்துல வேற யாராவது இருந்தாங்களா?”

கேட்டு முடித்த பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது. முகம் சுட்டது.

“யாருமில்ல மேடம். நீங்க கவலைப்படாதீங்க” என்று ஆய்வாளர் எழுந்துகொண்டார்.