ஷாலு நீட்டிய கை

முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டியதும் ஷாலுவின் நரம்பு நன்றாகப் புடைத்து வந்தது. ரத்தம் எடுக்கும் ஜீனாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. பாறசாலையில் அந்த லேபுக்குக் காலையில் வெறும்வயிற்றோடு வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள்; தடவித் தடவித் தேட வேண்டும். இந்தப் பெண்ணுக்குத் தேடவே வேண்டாம். ஆனால் பஞ்சால் துடைத்துவிட்டு ஊசியை எடுத்தபோது ஷாலுவின் கை மெல்லப் பின்னால் போனது. அவளே அதை முன்னால் கொண்டுவந்து வைத்தாள். மறுபடியும் போனது. பின்னால் நின்ற அம்மா ரத்னபாய் அவள் தோளை அழுத்திப் பிடித்தாள்.

“எறும்பு கடிச்சது போல ஆக்கும் மக்கா. அனங்காம இரி.”

காத்திருந்தவர்களிடமெல்லாம் ரத்னபாய் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மூத்தவன் சஜனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, தனக்குச் சர்க்கரை இருப்பதால் கொடுக்க முடியாது, தங்கச்சிதான் கொடுக்கிறாள், அதற்கு முதல் சோதனை இது. அம்மா சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஷாலு கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திரை இருண்டு கிடந்தது.

ஜீனா ரத்னபாயை வெளியே இருக்கச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டுப் பட்டையை அவிழ்த்தாள்.

“ஊசிக்கு பேடியா, பயமா இருக்கா?”

“இல்ல சேச்சி.”

“பிறகு?”

ஷாலு கதவைப் பார்த்தாள். “எல்லாரும் எப்ப ஆப்பரேசன்னுதான் கேக்காவ. நீ தருவியான்னு ஒருத்தரும் கேக்கல்ல. அண்ணனும் கேக்கல்ல.”

எடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடலாம் என்றுதான் ஜீனாவுக்கு முதலில் தோன்றியது. சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதானே. மீதியைத் திருவனந்தபுரத்து டாக்டர்கள் கேட்டுக்கொள்வார்கள். வெளியே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஆனால் பட்டையை அவிழ்த்த பிறகும் அந்தக் கை மூடியபடியே இருந்தது. இதற்குமுன் எத்தனையோ கைகள் தன் முன்னால் நீண்டிருக்கின்றன, எதை யார் நீட்டவைத்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“நீ சொல்லாம நான் எடுக்கமாட்டேன். போயி கொஞ்சம் வெள்ளம் குடி. அண்ணன்கிட்ட பேசணும்னா பேசு.”

ஷாலு வெளியே போனதும் ரத்னபாய் உள்ளே வந்தாள். “எடுத்தாச்சா?”

“இல்லம்மா. நான்தான் இப்ப எடுக்கல்லன்னு சொன்னேன்.”

“என்னத்துக்கு? எனக்க மவனுக்கு என்னமாவது ஆச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா பிள்ளே?”

முற்றத்தில் ஆட்டோவுக்குள் வீங்கிய முகத்தோடு சாய்ந்திருந்த சஜனை ஜீனா காலையிலேயே பார்த்திருந்தாள். ஷாலுவிடம் கேட்டது தவறோ என்று தோன்றியது. அடுத்து வந்த முதியவரின் கையைப் பிடித்தபோது, எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள்.

ஜன்னல் வழியாக ஆட்டோ தெரிந்தது. ஷாலு குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். ரத்னபாய் அவர்கள் பக்கம் வேகமாகப் போனாள். சஜன் கையை உயர்த்தி அம்மாவைத் தடுத்தான். நெடுநேரம் அவன்தான் பேசினான்.

ஷாலு திரும்பி வந்தபோது அவள் பின்னால் சஜனும் மெல்ல நடந்து வந்தான்.

“அண்ணன் வேண்டாம்னு சொல்லுதான்,” என்றாள். “ஒனக்க கல்யாணத்துக்கு டயாலிசிஸ் முடிச்சிட்டு நேரா வாறேன், சோறு மட்டும் எடுத்து வையின்னு சொல்லுதான்.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். “எடுங்க சேச்சி. இது டெஸ்ட்டுதானே? பிறகும் வேண்டாம்னு சொல்லலாம் இல்லியா?”

“ஆப்பரேசனுக்குக் கொண்டு போறப்பவும் சொல்லலாம்.”

“அம்மை வந்து நின்னாலும்?”

“யாரு வந்து நின்னாலும்.”

ரத்தம் தடையில்லாமல் வந்தது. எத்தனையோ ஊசிகளைத் தாங்கிய சஜன் அதைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஜீனா ஊசியை உருவிப் பஞ்சை வைத்ததும் அவனே வந்து தங்கச்சியின் முழங்கையைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினான்.

“மெதுவா. நோவுது,” என்றாள் ஷாலு.

அவன் விரலைக் கொஞ்சம் தளர்த்தினான், எடுக்கவில்லை. டயாலிசிஸுக்காக அறுவை செய்து தடிக்கவைத்த நரம்பு அவன் மணிக்கட்டுக்கு மேலே, பஞ்சுக்குப் பக்கத்தில், விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.