புளி போட்டுக் கழுவிய கை

...சுண்ணாம்புதான், வேறென்ன, ஆம்பூரில் முடி கொட்டினால் யாரும் காரணம் தேடிப் போவதில்லை, தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் தலையில் காசளவு சொட்டை விழுந்தால் அதற்குப் போய் வேலூர் வரை வர வேண்டுமா என்று பெண்கள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து ஞானசுந்தரி தன்னோடு தானே வழக்காடிக்கொண்டிருந்தாள். முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு மஹ்பூபி, பேன் பார்க்கிற சாக்கில். ‘குழியில ஊறினா ஆட்டுத் தோல்லயே மயிரு நிக்கிறதில்ல, உன் தலை எம்மாத்திரம், உங்க வூட்டுக்காரரு கை பட்டிருக்கும்’ என்று சிரித்தாள். கை பட்டிருக்கும்... அந்தச் சொல்லை அன்றிலிருந்து வெல்லக்கட்டி மாதிரி வாயில் அடக்கிக்கொண்டிருக்கிறாள். இரண்டு வருஷம் முன்பு இதே ஆஸ்பத்திரியில் இடது மார்பை அறுத்தெடுத்த பிறகு புருஷன் தேவசகாயம் அவளைத் தொட்டதில்லை. திட்டியதில்லை, முகம் சுளித்ததில்லை, கஞ்சி வைத்துக்கூடக் கொடுத்தார், பாயை மட்டும் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார். வெட்கத்தை விட்டு எப்படிக் கேட்பது? ஆனால் மத்தியானம் அவர் சாப்பிட வரும் நேரத்தில் இப்போதெல்லாம் அவள் அசதியில் தூங்கிப்போகிறாள், தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார், அப்போது, தூங்குகிறவள் தலையில் ஒரு தடவை கை வைத்திருக்கக் கூடாதா, சுண்ணாம்பு ஒட்டிய அந்தக் கையை? சொட்டை விழுந்ததற்குச் சந்தோஷப்பட்ட பொம்பளை ஊரிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வீட்டில் நிற்காதது முடி மட்டுமா, புளியும்தான், ஒரு மாதத்துப் புளி பதினைந்து நாளில் தீர்ந்துவிடுகிறது, எலி புளி தின்னுமா என்ன... நினைப்பு எங்கே போகிறது பார். போன வாரம் மார்புத் தழும்பைக் காட்ட வந்தபோது நர்ஸ் கமலம் சொட்டைக்கு அடியில் கெட்டியாக ஏதோ இருக்கிறதென்று தடவிப் பார்த்து, டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, நகக்கண் அளவு வெட்டியெடுத்துக் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்க அனுப்பினார்கள். இன்றைக்குப் பதில் சொல்கிற நாள்.

டாக்டரம்மா வெள்ளைக்காரி, தமிழை அளந்து அளந்து பேசுவாள். ‘இது சுண்ணாம்பு இல்லை, அம்மா. மார்பில் இருந்த அதே வியாதி. ரத்தத்தோடு போய்த் தலைத் தோலில் உட்கார்ந்திருக்கிறது. வழக்கமாக எலும்புக்குப் போகும், நுரையீரலுக்குப் போகும், இங்கே வருவது அபூர்வம்.’ மெட்ராசில் ரேடியம் வைப்பார்கள், கட்டி சுருங்கும் என்றாள். ‘கொணமாயிடுமா?’ என்று கேட்டதற்குக் கமலம்தான் பதில் சொன்னாள், ‘சுருங்கும்கா’ என்று, டாக்டரம்மா சொன்னதையே மறுபடி. சாவு பயம் வர வேண்டிய நேரம், வந்தது வேறு, அப்படியானால் அந்தக் கை என் தலையில் பட்டதே இல்லையா... கிறிஸ்துவே, இதுதானா எனக்கு இப்போது பெரிசாய்ப் போயிற்று? போயிற்றுதான். எங்கெங்கோ போகிற வியாதி கடைசியில் அவர் கை இருந்ததாக நினைத்த இடத்தில் போயா உட்கார வேண்டும், வேறு இடமே கிடைக்கவில்லையா அதற்கு?

ஆண்களை உள்ளே விடுவதில்லை, தேவசகாயம் வெளியே வேப்பமரத்தடியில் சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவளைக் கண்டதும் எழுந்தார். ‘இன்னா சொன்னாங்க?’ அவள் வாய் முந்திக்கொண்டது. ‘சுண்ணாம்புதானாம்’ என்றாள். ஏன் சொன்னாள்? அந்த ஒரு தொடுதலாவது தனக்கென்று இருந்துவிட்டுப் போகட்டும் என்றா? அவர் முகம் செத்துப்போனது. வெடிப்பு விழுந்த கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டார். ‘ஷாப்ல ஒரு வாட்டி, வூட்ல வந்து ஒரு வாட்டி, சுண்ணாம்பு போவட்டும்னு புளி கரைச்சித் தேய்ச்சிக் கழுவிட்டுத்தானே ஞானம்... முழிச்சிருக்கச்சொல்ல தொட்டா, எங்கனா பட்டு உனக்கு வலிக்கப்போவுதுன்னு... தூங்கறப்பதான் தலையில கை வெச்சேன். தப்புதான். இனிமே வெக்கல.’

புளி. எலி இல்லை, புளி தின்றது எலி இல்லை. தினம் தினமா, ஒரு தடவைக்கு ஏங்கிக் கிடந்தேனே, தினமுமா, தூங்கித் தொலைத்தேனே அத்தனையும்... சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவரோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குற்றவாளி மாதிரி நிற்கிறார், ரயிலுக்குக்கூடக் கைகொடுத்து ஏற்றமாட்டார் இனி, அவள் சொன்ன ஒரு பொய்க்கு. அந்தக் கை திரும்பி வர வேண்டுமானால் அது செய்த பிழையில்லை என்று சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் சொட்டைக்குக் காரணம் எது என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகு வருகிற கை இந்தக் கையாகவே இருக்குமா, இல்லை, போகப்போகிறவளைத் தடவுகிற கையாகிவிடுமா? ‘இப்படி உக்காருங்க’ என்று அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், அவரும் உட்கார்ந்தார், கை இன்னும் பின்னால்தான். எதிலிருந்து ஆரம்பிப்பது, ரேடியத்திலிருந்தா, புளியிலிருந்தா...